சவக்காலையில் எடுத்த பெயர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சபாரத்தினத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். முன்கதவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் பழப்புளி போட்டு மினுக்கிய தகடு. ‘வென்தோர்ப்’ என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். மேலே மாவிலைத் தோரணம், கீழே வென்தோர்ப். புதிதாக வருகிற தபால்காரர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சபாரத்தினம் கதவைத் திறந்து, “மிஸ்டர் வென்தோர்ப் ஸ்பீக்கிங்” என்பார். கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு ஸ்பீக்கிங் என்ன ஸ்பீக்கிங் என்று மனைவி சிவமலர் உள்ளேயிருந்து முணுமுணுப்பார்.

ஆளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்பத்தாறில் வந்தவர். ஐந்து வருடம் பெட்ரோல் நிலையம், பிறகு தபால் பிரிக்கிற நிலையத்தில் முப்பது வருடம். இப்போது பென்ஷன், முழங்கால் வலி, நூலக அட்டை. ஒரே மகன் மாதவன். மருமகள் ஹம்சினி கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்துகொண்டே செய்வாள். நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தார்கள். லண்டனில் அதுவே ஒரு சாதனைதான்.

தபால் நிலையத்தில்தான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான உறைகள் கையைக் கடந்து போகும். மற்றவர்கள் முகவரியைப் பார்ப்பார்கள், இவர் பெயரைப் பார்ப்பார். ஸ்மித்தின் பாட்டன் கொல்லன், பேக்கரின் பாட்டன் பாண் போட்டவன், கூப்பரின் பாட்டன் பீப்பாய் செய்தவன். ஜோன்சன் என்றால் ஜோனுடைய மகன். எங்களைப்போல அவர்களும் ஒரு காலத்தில் தகப்பன் பெயரைத்தான் வைத்துக்கொண்டு திரிந்தார்கள், பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அது அப்படியே உறைந்துபோய்விட்டது என்று கல்யாண வீடுகளில் சாப்பாட்டு மேசையில் விளக்குவார். சோறு ஆறுகிறது என்று யாராவது சொன்னால்தான் நிறுத்துவார்.

தொண்ணூற்றாறில் மாதவன் பிறந்தான். சபாரத்தினம் வேறு வேலைக்கு முயன்றுகொண்டிருந்த காலம் அது. நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டும் ஒருவர்கூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகிற குறுக்குப் பாதை ஒரு பழைய சவக்காலையின் நடுவால் போகும். அங்கே மூலையில், ஐவிக்கொடி படர்ந்த ஒரு கல்லறைக் கல்லில் அந்தப் பெயரைக் கண்டார். எட்வின் வென்தோர்ப், அவர் மனைவி ஆடா. அதற்குக் கீழே கல் வெறுமையாக இருந்தது. ஐந்து வருடமாகக் கடிதம் பிரிக்கிறார், அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. தொலைபேசிப் புத்தகத்திலும் தேடினார், இல்லை. கேட்க ஆளில்லாத பெயர், சும்மா கிடக்கிறது. எடுத்தால் யாருக்கு நட்டம்? அவருடைய நியாயம் அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத சனத்துக்கு அது வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி ஒரு விஷயம்.

டூட்டிங்கில் ஒரு வழக்கறிஞரிடம் போய்ப் பெயர் மாற்றப் பத்திரம் எழுதினார். ‘எனது முந்திய பெயரை முற்றாகத் துறந்து கைவிடுகிறேன்’ என்று அதில் ஒரு வரி. முந்திய பெயர் அம்பலவி சபாரத்தினம். அம்பலவி அவருடைய தகப்பன்.

பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டியபோது கைக்குழந்தையோடு இருந்த சிவமலர் கேட்டார், “ஆளிட்டைக் கேட்டனீங்களோ?”

“செத்த ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

“நான் உங்கட அப்பாவைச் சொன்னன்.”

அவர் பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அந்த வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சுக்குக் கதவு இல்லை. எண்பத்தேழு ஐப்பசியில், ஊரில் சண்டை மூண்டிருந்த ஒரு காலை அம்பலவி வீட்டை விட்டு இறங்கினார், திரும்பவில்லை. கண்டவர் இல்லை, உடலும் இல்லை. செய்தி மூன்று மாதம் கழித்து ஒரு நீலக் கடிதத்தில் லண்டனுக்கு வந்தது. ஊரிலிருந்த அம்மா பொட்டை அழிக்கவில்லை. சாகும்வரை வைத்திருந்தார், பொட்டோடுதான் போனார். சபாரத்தினம் தகப்பனுக்குத் திவசம் செய்யவில்லை. ஆடி அமாவாசைக்கு லண்டன் தமிழரில் பாதிப் பேர் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கோயிலுக்குப் போவார்கள். இவர் அன்றைக்கு மேலதிக ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். எள்ளு இறைத்தால் அப்பா செத்துவிட்டார் என்று தன் வாயால் சொன்ன மாதிரி. அந்தக் கொலையைத் தான் செய்யமாட்டார். இது பிடிவாதமா பாசமா என்று சிவமலருக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

புதுப்பெயருக்கு நாலு நேர்முகம் கிடைத்தது. நாலு இடத்திலும் கதவைத் திறந்தவரின் முகம் ஒருமுறை விழுந்து எழும்பியது. வேலை கிடைக்கவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. மாதவன் வென்தோர்ப்பாகவே வளர்ந்தான், அந்தப் பெயரோடுதான் கல்யாணமும் கட்டினான்.

ஹம்சினிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலும் அடுத்தது ஐந்தாம் மாதத்திலும் போயின. இது மூன்றாவது. வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. தொட்டில் என்ற சொல்லைக்கூட உச்சரிக்கமாட்டார்கள்.

சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை, நல்ல வெயிலடித்த ஒரு பின்னேரம், ஹம்சினி குசினிக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள். பின்கதவின் மேற்பாதி மங்கல் கண்ணாடி. அதற்கு அப்பால் ஒரு ஆண் நின்றார். உயரம் மாமாவின் உயரம். ஒரு கையில் பால் கான் மாதிரி ஏதோ தொங்கியது. மாமாதான் சாமானோடு வந்து நிற்கிறார் என்று கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தோட்டத்தின் கடைசியில் மதில், மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. ஒரு ஆள் ஓடி மறைய இடமே இல்லாத தோட்டம் அது. அன்றிரவே வீட்டில் எல்லாருக்கும் சொன்னாள்.

பிறகு கிழமைக்கு ஒருமுறை, இருமுறை. எப்போதும் பட்டப்பகலில்தான், எப்போதும் பின்கதவில்தான். தட்டுவதில்லை, அசைவதில்லை. வெறுமனே நிற்பார். சிவமலர் ஒருநாள் கண்டார். கண்டதை யாருக்கும் சொல்லாமல் திருநீறு எடுத்துக் கதவு நிலையில் மூன்று குறி இழுத்துவிட்டார். குசினியில் ஒரு மணமும் வரத் தொடங்கியது. காஸ் கசிகிறதோ என்று பயந்து ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் கருவியை மூலை மூலையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனான்.

சபாரத்தினத்தை உலுக்கியது காகம். சிவமலர் சனிக்கிழமை விரதக்காரி. மதில்மேல் சோறு வைத்தால் ஒரு காகம் வந்து தின்றுவிட்டுப் போகும். இருபது வருடத்துப் பழக்கம். சித்திரைக்குப் பிறகு அது வந்தது, மதிலில் இருந்தது, சோற்றைப் பார்த்தது, தொடவில்லை. அடுத்த சனியும் தொடவில்லை. அணில் தொடவில்லை, புறா தொடவில்லை, குப்பைத் தொட்டியைக்கூட விட்டுவைக்காத நரியும் தொடவில்லை. ஞாயிறு காலை சோறு வைத்தபடியே காய்ந்து கிடக்கும். சிவமலர் அதைப் பார்த்தபடி, “ஆரோ பசியோட நிக்கினம்” என்றார்.

பெயர்க்காரன்தான், அந்த எட்வின்தான் வந்து நிற்கிறான் என்று சபாரத்தினத்துக்கு அந்த இடத்திலேயே பட்டது. சவக்காலைக்குப் போனார். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. பெயரை எடுத்துக்கொண்டு வந்தவர் ஒரு பூக்கூட வைத்ததில்லை. ஐவியை விலக்கினார். எட்வின், ஆடா, அதன் கீழே அதே வெறுமை. யாரோ இன்னும் வரவேண்டும் என்று விட்டுவைத்த இடம் மாதிரி இருந்தது. மடியில் கட்டிப்போயிருந்த செவ்வந்தியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

நூலகத்தின் ஊர்வரலாற்று அறையில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா இருந்தார். இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லி, கதையைத் தேடி வைத்திருந்தார். வென்தோர்ப் கிழக்கே ஒரு குக்கிராமமாம். கொள்ளைநோய் வந்து பாதி ஊர் செத்தது, மிச்சம் கலைந்தது. இப்போது வெறும் வயல். கலைந்தவர்களில் ஒருவன் பக்கத்துப் பட்டணத்து வரிப் பதிவில் தலைகாட்டுகிறான்: வென்தோர்ப்பிலிருந்து வந்த ஜோன். ஊரில் இருந்தவரை அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றார் அந்த அம்மா. அங்கே எல்லாருமே வென்தோர்ப்காரர்கள்தானே. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர் பெயராகும். ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களில் நிறைய அப்படி வந்தவைதானாம்.

அவரை உண்மையில் பயப்படுத்தியது அந்த அம்மா கடைசியாகச் சொன்னது. எட்வின் பால்காரனாக இருந்தவராம். பால் கானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். அந்தக் காலத்தில் வியாபாரிகள் முன்கதவைத் தட்டக்கூடாது, பின்கதவுக்குத்தான் வரவேண்டும்.

கான் சரி, பின்கதவு சரி. இனி என்ன சாட்சி வேண்டும்? மற்றவன் பெயரை எடுத்தவன் அந்தக் குடும்பத்துச் செத்தவர்களையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். பிள்ளை தத்தெடுத்தால்கூட அதுதானே முறை. பெயரைத் தின்றுவிட்டு அவர்களைப் பட்டினி போட்டிருக்கிறேன், அந்தக் கோபம்தான் என் பேரப்பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது என்று நினைத்தார். நினைத்ததைச் சிவமலருக்கு மட்டும் சொன்னார். மாதவனுக்குச் சொன்னால் சிரிப்பான், ஹம்சினிக்குச் சொன்னால் அழுவாள்.

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு ஹம்சினியின் வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தது. ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கேட்டார்கள், இருக்கிறது என்றார்கள். கவனித்துக்கொள்ளுங்கள், அப்படியே இருந்தால் நாளை மறுநாள் பின்னேரம் திரும்ப வாருங்கள் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் வலது கையை வயிற்றிலிருந்து எடுக்கவேயில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டாள்.

அமாவாசையன்று காலை சபாரத்தினம் வேட்டி கட்டிக்கொண்டு லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போனார். வரிசையாக ஆண்கள் சம்மணமிட்டு இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் வாழையிலை, எள், தர்ப்பை, செம்பில் தண்ணீர். ஐயர் ஒவ்வொருவராகக் குனிந்து பெயர் கேட்டு வந்தார். இவர் எட்வின் வென்தோர்ப் என்றதும் ஐயரின் பேனா நின்றது. சபாரத்தினம் பத்திரம், சவக்காலை, பால் கான், மருமகள் எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொல்லி முடித்தார். ஐயர் சிரிக்கவில்லை. ஆதரவில்லாமல் போன ஆருக்கும் எள்ளும் தண்ணியும் குடுக்கலாம், அதில் பிழையில்லை என்றார். பிறகு வழமையாக எல்லாரிடமும் கேட்கிற ஒன்றைக் கேட்டார்.

“உங்கட அப்பா இருக்கிறாரோ?”

சபாரத்தினம் தர்ப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் கேக்கிறனெண்டால், தகப்பன் உயிரோட இருக்கிற ஆள் எள்ளுத் தொடக்கூடாது. அவர் இருக்கிறாரெண்டால் நீங்கள் ஒருத்தருக்கும் இறைக்க ஏலாது.”

பக்கத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். இருந்தால் அப்பாவுக்கு இந்த வருடம் நூறு வயது. ஓம் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை, இல்லை என்று சொல்லவும் எழும்பவில்லை. அவர் மெதுவாக எழுந்து வெளியே வந்து, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் போன் அடித்தது. ஹம்சினி.

“மாமா, அவர் வந்திருக்கார். வெக்கையா இருக்குன்னு பின்கதவைத் திறந்து வச்சிருந்தேன். முழுசாப் பாத்தேன்.”

“பிள்ளை, நீ உள்ளுக்குப் போ. மாமி எங்கை?”

“மாமி குளிக்கறாங்க. எனக்குப் பயமா இல்ல மாமா. அவர் என்னைப் பாக்கவே இல்ல. இது அவர் தேடற வீடுதானான்னு யோசிச்சுட்டு நிக்கற மாதிரி நின்னார். வெள்ளைக்காரர் இல்ல மாமா. லுங்கி கட்டியிருந்தார், கால்ல செருப்பில்ல. கையில இருந்தது பால் கான் இல்ல. மஞ்சக் கலர் பிளாஸ்டிக் கான். மூடி இல்ல, துணியைத் திணிச்சு அடைச்சிருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் உருகிப் போயிருந்துச்சு.”

அந்தக் கைப்பிடியை உருக்கியது சபாரத்தினம். பன்னிரண்டு வயதில், அடுப்புக்குக் கிட்ட வைத்துவிட்டு விளையாடப் போனவர். அடி விழும் என்று ஒளிந்திருந்தார், அடி விழவில்லை. உருகிய பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பிடிக்கலாம் என்றார் அப்பா. எண்பத்தேழில் அந்தக் கானோடுதான் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனார் என்று அந்த நீலக் கடிதத்தில் இருந்தது. கான் மஞ்சள் என்றோ துணி அடைப்பு என்றோ சபாரத்தினம் சிவமலருக்குக்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

குசினியில் மணத்தது காஸ் இல்லை, மண்ணெண்ணெய். முப்பது வருடம் கடிதம் பிரித்த ஆளுக்கு மிச்சமும் அந்தச் செருப்புக் குவியலின் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. கதவில் உள்ள பெயரும் கையில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் எந்தத் தபால்காரனும் கொடுக்கமாட்டான். அப்பா வந்திருக்கிறார். முன்வாசலில் பித்தளைத் தகட்டில், அதுவும் கிழமைக்குக் கிழமை மினுக்கி வைத்த தகட்டில், வேறு யாருடையவோ பெயர். மகன் வீடு இதுதானா என்று தெரியாமல் மனுசன் பின்பக்கமாகப் போய் நின்றிருக்கிறார். செத்தவர் என்றும் சொல்லாமல், இருக்கிறவர் என்றும் கூப்பிடாமல், பெயரையும் ஒரு கையெழுத்தில் கைவிட்டு, முப்பத்தெட்டு வருடம் அவரை நடுவில் நிறுத்தி வைத்தது வேறு யாரும் இல்லை.

அவர் திரும்ப உள்ளே போய்த் தன் இலைக்கு முன்னால் இருந்தார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பா இல்லை, ஐயா. அப்பா செத்துப்போனார்.”

“பேர்?”

“அம்பலவி” என்றார். சத்தம் வேண்டிய அளவுக்கு மேலாக வந்தது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “அம்பலவி” என்று இன்னொருமுறை சொன்னார். பிறகு அழுகை வந்தது. அறுபத்தைந்து வயது மனுசன் தோள் குலுங்க அழுதார். ஐயர் அவசரப்படுத்தவில்லை. அம்பலவி, அவர் தகப்பன் வேலாத்தை, அவர் தகப்பன் கதிரித்தம்பி. மூன்று பேருக்கும் எள்ளும் தண்ணீரும் விரலால் இறங்கின. கடைசியில் எட்வினுக்கும் ஆடாவுக்கும் ஆளுக்கு ஒரு கை. அவர்களும் பாவம், ஒரு பிழையும் செய்யவில்லை.

வீடு வந்து சேரும்போது மூன்றேகால். பஸ்ஸிலிருந்தே மாதவனுக்குப் போன் எடுத்து, தகட்டைக் கழற்றித் தாத்தாவின் பெயரை எழுதி ஒட்டச் சொல்லியிருந்தார். அவன் ஏன் எதற்கென்று கேட்டான், அது என் பெயர் அப்பா என்றான். கடைசியில் கழற்றாமல், அதற்கு மேலே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பசைநாடாவால் ஒட்டியிருந்தான். சொன்னபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தான்: அம்பலவி. எழுத்துத்தான் கோணல். சபாரத்தினம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

குசினி வாசலில் சிவமலர் துடைப்பத்தோடு நின்றார். பின்கதவு காலையிலிருந்து திறந்தபடி. வெளியே மூன்று நாளாக மழை இல்லை, தோட்டத்துக் கற்கள் காய்ந்து வெளுத்திருந்தன. படிக்குக் கீழே, கான் வைக்கிற அளவில், ஈரமான ஒரு வட்டம் இருந்தது. அதற்கு இப்பால் காலடிகள். செருப்பில்லாத, அகலப் பாதத்தின் ஈரக் காலடிகள். படியேறி, நிலையைத் தாண்டி, குசினித் தரையைக் கடந்து உள்ளே வந்திருந்தன. சிவமலர் வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எல்லா விரல்களும் வீட்டுக்குள்ளே பார்த்தபடி இருந்தன. வெளியே போனதாக ஒன்றும் இல்லை.

“துடைக்காதை” என்றார் சபாரத்தினம்.

அவர் அடிகளின் ஓரமாகவே நடந்து வந்தார். கூடம் வரையில் அவை தெளிவாக இருந்தன, பிறகு மெல்லிதாகி, ஹம்சினி இருந்த சோபாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகப் பை கட்டிக் காலடியில் வைத்திருந்தாள். மாதவன் பக்கத்தில் கார்ச் சாவியோடு இருந்தான். அவள் நிமிர்ந்தாள். இரண்டு நாளாக வயிற்றை விட்டு எடுக்காத கையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். முகத்தில் பாதி சிரிப்பு, பாதி கலக்கம்.

“மாமா, இப்பதான். ஒரு அஞ்சு நிமிஷமா விடாம உதைக்குது.”